பெயருக்குத்தான் மறுபிறப்பு

வியாபார உலகில் பிணத்துக்கும் விலையுண்டு. அமெரிக்காவின் 'பான் அம்' விமானக் கம்பனியின் கதை இதற்குச் சான்று.

1927இல் தோன்றிய அக்கம்பனி 1991 டிசம்பர் 4ஆம் திகதி வீழ்ந்தது. இலாபந்தரும் வான்மார்க்கங்களைப் போட்டிக் கம்பனிகள் அதற்கு முன்பே வாங்கிவிட்டன. ஆயிரக்கணக்கான தொழிலாளர் நடுத்தெருவில் நின்றனர். அவர்களது ஓய்வூதியப் பொறுப்பு அரசுக் காப்புறுதி நிறுவனத்தின் தலையில் விழுந்தது. பெயரும் நீலக்கோள இலச்சினையும் 1993இல் ஏலத்திற் போயின. விலை 13 இலட்சம் டொலருக்குச் சற்று மேல்.

1996 செப்டெம்பரில் வேறொரு கம்பனி அந்தப் பெயரைத் தரித்துப் பறந்தது. ஒன்றரை ஆண்டு கழியுமுன், 1998 பெப்ரவரியில், அதுவும் வங்குரோத்தாயிற்று. மீண்டும் தொழிலாளருக்கு வேலையில்லை; மீண்டும் பெயருக்கு விலை! அதே ஆண்டில் அது இன்னொரு முதலாளியின் கைக்கு மாறிற்று.

அப்பெயருக்கு மதிப்பைத் தேடித் தந்தவர் யார்? விமானத்தைச் செலுத்தியவர், பழுதுபார்த்தவர், பொதி சுமந்தவர், பயணிகளை உபசரித்தவர். அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவர்களது உழைப்பின் திரட்சியே அந்தப் பெயர். கம்பனி வீழ்ந்தால், உழைத்தவர் வரிசையில் நின்று நிலுவைச் சம்பளம் கேட்கலாம். தாம் ஆக்கிய பெயருக்கு உரிமை கோர முடியாது. முதலாளியின் சட்டம் அப்படி. அதை உழைப்போர் மாற்றும்வரை, மறுபிறப்பு பெயருக்குத்தான்.