பம்ப் குற்றவாளியா?

சிறிய டிராக்டரின் பின்னால் தூக்கி நிறுத்திய கலப்பை, எஞ்சினை அணைத்த சில நிமிடங்களில் மெல்லத் தரையிறங்குகிறது. உடனே "பம்ப் போய்விட்டது" என்கிறார்கள். இதை அநியாயத் தீர்ப்பு என்பேன். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். அதன்பின் சுமையைத் தாங்குவது சிலிண்டருக்குள் அடைபட்ட எண்ணெய்தான். அது கசிகிறது என்றால், பிஸ்டனின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், அல்லது வால்வு சரியாக மூடாதிருக்கும். கலப்பை எழும்பவே மறுத்தால் பம்பைச் சந்தேகிக்கலாம். அப்போதும் எண்ணெய் மட்டத்தையும் வடிகட்டியையும் முதலில் பார்க்க வேண்டும்.

பாஸ்கலின் நூல் 1663-இல் வெளிவந்தது. அவருடைய விதியை நாம் வெறும் பரப்பளவுக் கணக்காகவே நடத்துகிறோம் (நானும்தான்). இப்படிப் பழுது கண்டுபிடிக்கும் கேள்வியொன்று தேர்வில் வந்தால் என்ன?

கணக்கில் அழுத்தத்தைப் பிழையின்றி எழுதிய கைதான், குழாயின் ஊசித்துளைக் கசிவைத் தடவியும் தேடுகிறது! அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல் இருக்கக்கூடும். எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும். வலி குறைவாயிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். அதற்கு முன் கலப்பையைத் தரையில் இறக்கிவிடுங்கள்.