தைலம் ஊற்றிய தலையைக் கேள்வி கேட்டவர்கள்

பழைய இஸ்ரவேலில் அரசன் கடவுளின் பிரதிநிதி. அவன் தலையில் தைலம் ஊற்றியபின் அவனைக் கேள்வி கேட்பது கடவுளையே கேள்வி கேட்பதாகும். நெடுங்காலமாக நிலவும் கருத்து இது. பிரசங்க மேடைகளில் தலைவர்களைக் காப்பாற்ற இதைச் சொல்கிறார்கள். ஐரோப்பிய அரசர்கள் இதைக் கேடயமாகப் பிடித்தார்கள். ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ், பின்னால் இங்கிலாந்துக்கும் அரசரானவர், குடிமக்கள் அரசனை எதிர்க்கக் கூடாது என்று வாதிட்டு 1598இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் சாமுவேலின் புத்தகத்தையே சாட்சிக்கு அழைத்தார். அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் அது எதிர்த்தரப்புக்காகத்தான் பேசுகிறது.

தமிழ்க் காதுக்கு இந்தக் கருத்து எளிதில் ஏறும். நம் மொழியில் ‘இறைவன்’ அரசனுக்கும் பெயர், கடவுளுக்கும் பெயர். ‘கோயில்’ அரண்மனையாகவும் இருந்தது. எபிரேயத்திலும் ‘ஹேகால்’ என்ற ஒரே சொல் அரண்மனையையும் ஆலயத்தையும் குறிக்கும். ஆனால் சொல் ஒன்றாக இருப்பதால் அதிகாரமும் ஒன்றாகிவிடாது.

முதல் வாதம், அரசனைக் கடவுளே கொடுத்தார் என்பது. நடந்ததாக 1 சாமுவேல் 8ஆம் அதிகாரம் சொல்வது வேறு. ராமாவில் இருந்த தீர்க்கதரிசி சாமுவேலிடம் மூப்பர்கள் கூடி வந்து, மற்ற இனத்தாருக்கு இருப்பதுபோல் தங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயமும் இருந்தது. பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்த சாமுவேலின் மகன்கள் லஞ்சம் வாங்கினார்கள். கடவுளோ இதைத் தம்மையே தள்ளிவிட்டதாக எடுத்துக்கொண்டார். கேட்டதைக் கொடு, ஆனால் எச்சரித்துவிட்டுக் கொடு என்றார். எச்சரிக்கைப் பட்டியல் நீளமானது. மகன்கள் ரதத்துக்கு முன் ஓடுவார்கள். மகள்கள் அரண்மனையில் சமைப்பார்கள். நல்ல வயலும் திராட்சைத் தோட்டமும் அரசனின் ஆட்களுக்குப் போகும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு பறிபோகும். கடைசியில் நீங்களே அடிமைகள். ஜேம்ஸ் இந்தப் பட்டியலைக் குடிகள் பொறுத்தே தீரவேண்டிய அரச உரிமையாக வாசித்தார். வேண்டாம் என்று தடுப்பதற்காகச் சொன்னதை உரிமைப் பத்திரமாக வாசிப்பது எப்படிச் சரியாகும்? 1776இல் தாமஸ் பெய்ன் அமெரிக்கக் குடியேற்றங்களில் முடியாட்சிக்கு எதிராக எழுதியபோது இதே அதிகாரத்தைத்தான் எடுத்தார். அவருடைய வாசிப்பே மூலத்துக்கு நெருக்கமானது.

சாமுவேலின் காலத்துக்கு முன்பே நியாயாதிபதிகள் புத்தகத்தில் கிதியோன் முடியை மறுத்துவிட்டார். அவர் மகன் அபிமெலேக்கு சகோதரர்களைக் கொன்று அரசனானபோது, தப்பிய யோதாம் கெரிசீம் மலையில் நின்று ஒரு கதை சொன்னார். ஒலிவ மரமும் அத்திமரமும் திராட்சைக்கொடியும் அரசாள மறுத்தன, முட்செடிதான் ஒப்புக்கொண்டது.

அரசனின் சொல்லே சட்டம் என்பது இரண்டாவது வாதம். பாபிலோனுக்கு இது பொருந்தும். 1901இல் சூசாவில் கண்டெடுக்கப்பட்டு இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்தூணில் அதன் அரசன் அமுராபி தன் பெயரிலேயே சட்டம் வெளியிடுகிறான். இஸ்ரவேலின் சட்டத் தொகுப்பு எதுவும் எந்த அரசன் பெயரிலும் இல்லை. எல்லாம் மோசேயின் பெயரில், அரசனே இல்லாத வனாந்தரத்தில் வைத்துச் சொல்லப்படுகிறது. உபாகமம் 17ஆம் அதிகாரம் அரசனையே அந்தச் சட்டத்துக்குக் கீழே நிறுத்துகிறது: குதிரைகளைப் பெருக்காதே, மனைவிகளைப் பெருக்காதே, பொன் வெள்ளியைக் குவிக்காதே, சட்டத்தின் பிரதியை எழுதி நாள்தோறும் வாசி. அரசன் சாலொமோன் குதிரை, மனைவி, பொன் ஆகிய மூன்று விலக்கையும் மீறினான். அவனுக்கு 700 மனைவியர், 300 மறுமனையாட்டிகள். ஆலயம் கட்ட 7 ஆண்டு, தன் அரண்மனை கட்ட 13 ஆண்டு. கணக்கை மறைக்காமல் எழுதி வைத்தவர்கள் அவனுடைய மக்களே.

சட்டம் அரசனைக் கட்டியது என்பதற்கு நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைவிடப் பெரிய சான்று இல்லை. யெஸ்ரயேலில் அரசன் ஆகாபின் அரண்மனையை ஒட்டி அந்தத் தோட்டம். கீரை போட இடம் வேண்டும் என்று அரசன் கேட்டான்; இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது பணம் தருகிறேன் என்றான். நாபோத் மறுத்தான். அது பூர்வீகச் சொத்து. நிலம் கடவுளுடையது, நிரந்தரமாக விற்கக் கூடாது என்பது லேவியராகமத்தின் விதி. இனி ஆகாப் செய்ததைக் கவனிக்க வேண்டும். வீரர்களை அனுப்பவில்லை, ஆணை எழுதவில்லை. வீட்டுக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டான். சீதோன் அரசனின் மகளான அவன் மனைவி யேசபேலுக்கு இது புரியவேயில்லை. அவளுக்குத் தெரிந்த அரசர்கள் கேட்பதில்லை, எடுத்துக்கொள்வார்கள். அவளுக்கும்கூட இரண்டு பொய்ச்சாட்சிகளும் ஒரு விசாரணையும் தேவைப்பட்டன. நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றபின்தான் தோட்டம் கைக்கு வந்தது. அதில் காலெடுத்து வைத்தவனை அங்கேயே எதிர்கொண்டார் தீர்க்கதரிசி எலியா. அரசனின் சொல்லே சட்டம் என்றால் இந்த நாடகத்தில் ஒரு காட்சிக்கும் வேலையில்லை.

அபிஷேகத்துக்கு வருவோம். அரசன் சவுல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தாவீது கொல்லவில்லை. அபிஷேகம் பெற்றவன் என்று காரணம் சொன்னான். உண்மை. ஆனால் கொல்ல மறுத்த அதே தாவீது, சவுலின் சால்வையிலிருந்து அறுத்தெடுத்த துண்டைக் கையில் பிடித்தபடி, எல்லாரும் கேட்க, நீ செய்வது அநியாயம் என்று சவுலிடம் உரக்கச் சொன்னான். கொலை வேண்டாம் என்பதற்கும் கேள்வி வேண்டாம் என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதே தாவீது அரசனாகி, உரியாவைப் போர்முனையில் சாகவைத்து அவன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டபோது, தீர்க்கதரிசி நாத்தான் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி, அந்த மனிதன் நீயே என்று முகத்துக்கு நேரே சொன்னார். தாவீதின் தலையிலும் தைலம் இருந்தது.

அரசன் கடவுளின் மகன் என்று சங்கீதங்கள் பாடுவதையும் காட்டுகிறார்கள். எகிப்தில் பார்வோன் சூரியக் கடவுளின் மகன். இஸ்ரவேலில் மகன் என்பது வளர்ப்பு உறவு. தப்புச் செய்தால் பிரம்பால் அடிப்பேன் என்ற நிபந்தனையும் 2 சாமுவேல் 7இல் சேர்ந்தே வருகிறது.

மக்களுக்கு இதில் பங்கில்லை என்பார்கள். எபிரோனில் மூப்பர்களோடு உடன்படிக்கை செய்துகொண்ட பிறகே தாவீது இஸ்ரவேல் முழுவதற்கும் அரசனானான். அவன் பேரனும் சாலொமோனின் மகனுமான ரெகொபெயாமிடம் சீகேமில் மக்கள் கேட்டது ஒன்றுதான்: உன் தகப்பன் வைத்த சுமையைக் குறை. முதியவர்கள் இணங்கச் சொன்னார்கள். கூட வளர்ந்த இளைஞர்கள் இன்னும் இறுக்கச் சொன்னார்கள். அவன் இளைஞர்கள் சொன்னதைக் கேட்டான். பத்துக் கோத்திரங்கள் அங்கேயே பிரிந்தன. கட்டாய வேலைக்குத் தலைவனான அதோராமைக் கல்லெறிந்து கொன்றன. அரசன் படை திரட்டியபோது தீர்க்கதரிசி செமாயா குறுக்கே வந்து, போகாதே, இது கடவுளால் நடந்தது என்றார். கலகம் செய்தவர்கள் பக்கம் கடவுள் நின்றதாக எழுதப்பட்ட இடம் இது. ஜேம்ஸின் வாதத்தில் இதற்கு விடையில்லை.

தீர்க்கதரிசிகள் தனிக்குரல்கள்தானே என்ற எதிர்வாதத்தில் பாதி உண்மை உண்டு. ஆகாபின் அவையில் 400 பேர் அரசன் விரும்பியதைச் சொன்னார்கள். மிகாயா ஒருவர் மட்டும் மறுத்து, சிறைக்குப் போனார். அரசன் யோயாக்கீம், எகிப்துக்குத் தப்பியோடிய உரியா என்ற தீர்க்கதரிசியைப் பிடித்துவந்து வெட்டினான். ஆயினும் தீர்க்கதரிசி எரேமியாவைக் கொல்லச் சிலர் துடித்தபோது நாட்டின் மூப்பர்கள் எழுந்து, எசேக்கியா காலத்தில் மீகாவும் இப்படித்தான் பேசினார், அந்த அரசன் அவரைக் கொல்லவில்லை என்று முன்னுதாரணம் காட்டினார்கள். எரேமியா பிழைத்தார். கேள்வி கேட்பது மரபாகியிருந்ததால்தான் முன்னுதாரணம் காட்ட முடிந்தது.

இவையெல்லாம் முடியாட்சி வீழ்ந்தபின் தொகுக்கப்பட்டவை என்பார்கள் சில ஆய்வாளர்கள். இருக்கட்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற தேர்விலும் ஒரு சமூகத்தின் மனம் தெரியும். கி.மு. 853இல் கர்க்காரில் அசீரியாவை எதிர்த்த கூட்டணியில் ஆகாபுக்கு 2,000 ரதங்களும் 10,000 வீரர்களும் இருந்ததாக மூன்றாம் சல்மனாசரின் கல்வெட்டு சொல்கிறது. அது இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எந்த அரசவைப் புலவனும் விடமாட்டாத அந்தப் போரைப் பற்றி இராஜாக்களின் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. நாபோத்தின் தோட்டத்துக்கு முழு அதிகாரம் இருக்கிறது.

அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்காதே என்று இனி யாராவது சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தைத் திறந்து, அவரையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.