எத்தனை சர்வர்கள் போதும்?

மூன்றாமாண்டு கணினி அறிவியல் மாணவி ஒருத்தி

தறியோசையில் விடியும் ஊர் நமது ஆரணி. நெசவாளர் வீட்டில் பிறந்த எனக்குச் சர்வர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் தறிகளே நினைவுக்கு வருகின்றன.

முன்பெல்லாம் ஒரு வேலைக்கு ஒரு சர்வர் என வாங்கினார்கள். அவற்றுள் பல, பெரும்பாலான நேரம் சும்மா கிடந்தன. ஒரே சர்வரைப் பல சர்வர்கள்போல் இயங்கச் செய்வதே வர்ச்சுவலைசேஷன். ஐ.பி.எம். நிறுவனம் 1972-இலேயே தன் பெருங்கணினிகளுக்கு வி.எம்/370 என்ற பெயரில் இவ்வசதியை அளித்தது.

இதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு சர்வர் பழுதானால் அதில் இயங்கும் இருபது மெய்நிகர் சர்வர்களும் ஒருசேர நின்றுபோகும். எனவே சில சர்வர்களை ஒரு பொதுச் சேமிப்பகத்தோடு இணைத்து, 'கிளஸ்டர்' என்னும் குழுவாக அமைக்கிறார்கள். ஒன்று வீழ்ந்தால் அதன் வேலைகள் மற்றவற்றில் மீண்டும் தொடங்கும். தறியில் ஏற்றிய பாவை வேறு தறிக்கு மாற்றுவது எளிதன்று. இங்கே அது முடியும். ஆனால் மறுதறியில் இடம் காலியாக இருக்க வேண்டுமே!

அந்தக் காலியிடம் எவ்வளவு? ஒன்று வீழ்ந்தாலும் தாங்க வேண்டுமெனில், இரண்டு சர்வர் கொண்ட குழுவில் பாதித் திறனைச் சும்மா வைக்க வேண்டும். நான்கில் கால் பங்கு, எட்டில் 12.5 சதவிகிதம், முப்பத்திரண்டில் ஏறத்தாழ 3 சதவிகிதம். அப்படியானால் பெரிய குழுவே சிறந்தது என்று தோன்றும்.

அது முழு உண்மையன்று. இரண்டிலிருந்து எட்டுக்குப் போனால் 37.5 சதவிகிதம் மிச்சம். எட்டிலிருந்து முப்பத்திரண்டுக்குப் போனால் மிச்சம் பத்து சதவிகிதம்கூட இல்லை. மேலும், எண்ணிக்கை கூடக் கூட இரண்டு சர்வர்கள் ஒரே சமயத்தில் பழுதாகும் வாய்ப்பும் கூடுகிறது. ஒன்றைப் பராமரிப்புக்கு நிறுத்தியிருக்கும்போது இன்னொன்று வீழலாம். எனவே இரண்டைக் காலியாக வைக்க நேரும். பொதுவான சேமிப்பகத்தில் ஒரு தவறு நேர்ந்தால் குழு முழுவதும் பாதிக்கப்படும்.

வி.எம்.வேர் நிறுவனத்தின் மென்பொருள் 2020 முதல் ஒரு குழுவில் 96 சர்வர்கள் வரை அனுமதிக்கிறது. அனுமதி என்பது அறிவுரை ஆகாது. சிறிய அலுவலகத்துக்கு மூன்று அல்லது நான்கு. பெரிய நிலையத்துக்கு எட்டு, பத்து கொண்ட தனித்தனிக் குழுக்கள். இதுவே நடுவழி என்பது என் கருத்து. இரண்டே சர்வர்கள் என்றால், அவற்றுக்கிடையே தொடர்பு அறுபடும்போது எது உயிரோடிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாவதாக ஒரு சாட்சியும் தேவைப்படும்.

இது பொறியாளர் கவலை மட்டுமா? இல்லை. அரசுக் கல்லூரிகளில் சேர விண்ணப்பிப்பதும் இன்று இணையத்தில்தான். கடைசி நாளன்று சர்வர் நின்றால், பெருநகர மாணவன் மறுபடி முயல்வான். வேலையை விட்டு மகளோடு கணினி மையத்துக்கு வந்த நெசவாளியோ ஒரு நாள் கூலியை இழப்பார்.

ஆகவே சர்வர் வாங்குவோர் 'எத்தனை வாங்கலாம்?' என்று தொடங்காமல், 'ஒன்று வீழ்ந்தால் மிச்சம் தாங்குமா?' என்று கேட்கட்டும். காலியாக நிற்கும் சர்வரை வீண் செலவென்று கணக்கில் வெட்டாதிருக்கட்டும். அந்தக் காலியிடமே நமக்குக் காப்பு!