பழிக்குப் பழி ஒழிய

திண்டுக்கல்லை அடுத்த நந்தவனப்பட்டியில் 2012 ஜனவரியில் பசுபதி பாண்டியன் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்குப் பழியாகக் கொலைகள் தொடர்ந்தன. 2021 செப்டம்பரில், அவ்வழக்கில் சேர்க்கப்பட்டிருந்த ஒரு பெண்மணியும் வெட்டுண்டு மாண்டார். கோர்ட்டு தீர்ப்புக் கூறுமுன் அரிவாள் முந்திக்கொண்டது. பூட்டுக்குப் பெயர்போன ஊரில் ஜனங்கள் கதவடைத்து நடுங்கும்படி நேர்ந்தது வெட்கக்கேடே ஆகும்.

உடனே போலீஸார் மாநிலமெங்கும் வேட்டை நடத்தினர். சில தினங்களுக்குள் 3,000 பேருக்கு மேல் கைதாயினர்; 1,000-க்கு மேற்பட்ட ஆயுதங்கள் பிடிபட்டன. அவற்றில் துப்பாக்கிகள் ஏழே! இக்கணக்கைச் சர்க்கார் ஊன்றிக் கவனிக்க வேண்டும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு. தேங்காய் வெட்டவும் விறகு பிளக்கவும் உதவும் அரிவாளுக்கு லைசென்ஸ் ஏது? ஆகவே ஆயுதத்தைப் பறிப்பது மட்டும் போதாது. அதை ஏந்தப் போகும் வாலிபனுக்கு வேறு வழி காட்ட வேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

இதற்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. குற்றப்பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கிற்று. அதன் பெயரால் 1920-ல் பெருங்காமநல்லூரில் ஜனங்களைச் சுட்டும் சாந்தி பிறக்கவில்லை. 1947-ல் அச்சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. அந்நிய ஆட்சி தன் காரியத்துக்காகவே தொடங்கியதாயினும், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் ஜில்லாக்களில் நிலைத்துப் பல தலைமுறைகளுக்குக் கல்வி தந்தன.

ஸ்காட்லாந்திலே கிளாஸ்கோ நகரப் போலீஸார் 2005-ல் தனிப் பிரிவு அமைத்து, கத்திச் சண்டையைத் தொற்றுநோயாகக் கருதி, கும்பல் வாலிபர்களை அழைத்துப் பேசி உதவியும் செய்தனர், கொலைகள் குறைந்தன. அமெரிக்கா இத்தகைய ஊழியத்துக்கென்றே 2022-ல் 25 கோடி டாலர் ஒதுக்கிற்று. அதே ஆண்டில் நம் சர்க்கார் 4.25 கோடி ரூபாயில் ‘சிற்பி’ திட்டத்தைச் சென்னைப் பள்ளிகள் நூற்றில் தொடங்கியது. நல்ல காரியமே. ஆனால் அரிவாள் தலைநகரத்தில் மட்டுமா வீசப்படுகிறது?

ரவுடிகளுக்குச் சர்க்கார் பணமா என்று சிலர் சீறலாம். ரவுடிக்குக் காசு கொடுக்கும்படி நாம் கேட்கவில்லை. சாட்சிகளுக்குப் பாதுகாப்பு, வழக்குகளுக்குத் துரித விசாரணை, பள்ளியை விட்ட பையனுக்குத் தொழிற்பயிற்சி, பகைத்த குடும்பங்களிடையே சமரசம் செய்யத் தகுந்த ஊழியர்கள் ஆகியவற்றையே கேட்கிறோம். எந்த ஜாதியின் மீதும் பழைய முத்திரை விழலாகாது. உதவியும் ஜாதி பார்த்து வரலாகாது. கொலைக்குப் பின் பந்தோபஸ்துக்குச் செலவிடும் சர்க்கார், கொலைக்கு முன்னும் செலவிடத் துணிய வேண்டுமென வற்புறுத்துகிறோம்.