திசு மாதிரியை உங்கள் கையில் கொடுத்தால்: பார்மலின் குறித்துப் பராமரிப்பாளர் அறியவேண்டியவை

அறுவை சிகிச்சை முடிந்த சிறிது நேரத்தில், மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றையும் ஒரு படிவத்தையும் நோயாளியின் உறவினரிடம் கொடுத்து, "இதைப் பரிசோதனைக்கூடத்தில் சேர்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பும் வழக்கம், சொந்தமாக நோய்க்குறியியல் ஆய்வகம் இல்லாத சிறு மருத்துவமனைகளில் இன்றும் உள்ளது. டப்பாவுக்குள் இருப்பது நோயாளியின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட திசு. அது மூழ்கியிருக்கும் நிறமற்ற நீர்மத்தின் பெயர் பார்மலின்.

இப்பெயர் உங்களுக்குப் புதிதாக இராது. 2018ஆம் ஆண்டில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறையினர் 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் நடத்திய சோதனைகளில் பார்மலின் கலந்த மீன்கள் பிடிபட்டன. அச்செய்தியால் தமிழ்நாட்டிலும் மீன் வாங்கப் பலர் தயங்கினர். சமையலறைக்குள் வரக்கூடாது என்று நாம் கவலைப்பட்ட அதே பொருள் மருத்துவமனையில் கைக்கு வரும்போது, அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் கைப்பையில் வைத்துக்கொள்கிறோம். கேட்டால் தவறாக எண்ணுவார்களோ என்ற தயக்கமே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன். அத்தயக்கம் தேவையற்றது.

பார்மால்டிஹைடு என்னும் வாயுவை நீரில் கரைத்தால் கிடைப்பது பார்மலின். கடையில் விற்கப்படும் அடர்கரைசலில் 37 முதல் 40 விழுக்காடு வரை பார்மால்டிஹைடு இருக்கும். திசுக்களைப் பாதுகாக்க அதைப் பத்தில் ஒரு பங்காக நீர்த்துப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே உங்கள் டப்பாவில் இருப்பது ஏறத்தாழ 4 விழுக்காடு. உடலைவிட்டு வெளியேறிய திசு உடனே சிதையத் தொடங்கும். பார்மலின் அதன் புரதங்களைப் பிணைத்து, உயிரணுக்களின் வடிவத்தை அப்படியே நிறுத்திவைக்கும். ஜெர்மானிய மருத்துவர் பெர்டினாண்டு புளூம் 1893இல் இப்பண்பை எடுத்துரைத்தார். அன்று தொடங்கி இன்றுவரை உலகின் பெரும்பாலான நோய்க்குறியியல் ஆய்வகங்கள் இதையே நம்பியுள்ளன.

விதிகள் இறுகுகின்றன, யாருக்காக?

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2004ஆம் ஆண்டில் பார்மால்டிஹைடை மனிதரில் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் பணியிடக் காற்றில் பத்து இலட்சத்தில் 0.3 பங்கு என்ற வரம்பை விதித்தது. மருத்துவத் துறை உள்ளிட்ட சில துறைகளுக்கு 0.5 பங்கு வரை அளித்திருந்த சலுகைக்காலமும் 2024 ஜூலையில் முடிந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட மதிப்பீடு, இப்பொருள் மனித நலத்துக்கு ஏற்கத்தகாத இடரை உண்டாக்குகிறது என்ற முடிவுக்கு வந்தது.

இச்செய்திகளைக் கண்டு நீங்கள் அஞ்சவேண்டியதில்லை. புற்றுநோய் குறித்த கவலை, நாள்தோறும் பல ஆண்டுகள் இவ்வாவியைச் சுவாசிக்கும் பணியாளர்களைப் பற்றியது. நன்றாக மூடிய டப்பாவை ஒருமுறை எடுத்துச் செல்வதோடு அதை ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் ஒன்றை நோக்கவேண்டும். ஆய்வகப் பணியாளருக்குக் கையுறை உண்டு, காற்றை வெளியேற்றும் அமைப்பு உண்டு, பயிற்சி உண்டு. அதே நீர்மத்தைப் பேருந்தில் மடியில் வைத்துச் செல்லும் உறவினருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. பணியிட வரம்புகள் அவரது பயணத்தைக் கணக்கில் கொள்வதும் இல்லை. மாதிரியை ஆய்வகம் வரை கொண்டுசேர்ப்பது மருத்துவமனையின் பொறுப்பாகவே இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல தனியார் ஆய்வகங்கள் தம் ஆளை அனுப்பி மாதிரியைப் பெற்றுக்கொள்கின்றன. "உங்கள் ஊழியரோ ஆய்வகத்தின் ஆளோ எடுத்துச் செல்ல இயலுமா?" என்று முதலில் கேளுங்கள். இயலாது என்ற விடை வந்தால் மட்டுமே மேற்கொண்டு படிப்பது உங்களுக்குத் தேவைப்படும்.

டப்பாவை வாங்கும் முன்

பராமரிப்பாளர்கள் பார்மலினால் தமக்கு என்ன ஆகும் என்றே பெரும்பாலும் கேட்கிறார்கள். மாதிரிக்கு என்ன ஆகும் என்பதும் அதே அளவுக்கு முக்கியமானது. எடுத்த கட்டியை மீண்டும் எடுக்க இயலாது. அது கெட்டுப்போனால், புற்றுநோயா இல்லையா என்ற கேள்விக்கு விடை கிடைக்காமலே போகலாம்.

எனவே "இது எந்தப் பரிசோதனைக்கு? உள்ளே இருப்பது பார்மலினா, சலைனா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நுண்ணோக்கியில் பார்க்கவேண்டிய திசுவுக்குப் பார்மலின் வேண்டும்; சலைனில் பல மணி நேரம் கிடந்தால் அது சிதைந்துவிடும். காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கோ பார்மலின் கூடவே கூடாது, ஏனெனில் அது கிருமியையே கொன்றுவிடும். கழுத்து நெறிக்கட்டியிலிருந்து திசு எடுக்கும்போது இரு பரிசோதனைகளும் தேவைப்பட்டு, இரண்டு டப்பாக்கள் கொடுக்கப்படலாம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் நீர்மம் குறைவாக உள்ளதே என்று மற்றொன்றிலிருந்து ஊற்றுவது, உதவி என்று எண்ணிச் செய்யும் பெருந்தீங்கு.

பார்மலினின் அளவு திசுவைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு இருக்கவேண்டும். பெரிய திசு சிறிய டப்பாவில் திணிக்கப்பட்டிருப்பதைக் கண்டால் செவிலியரிடம் சொல்லுங்கள். நேரமும் கணக்கில் உண்டு. மார்பகப் புற்றுநோயில் எந்த மருந்து பயன்தரும் என்பதை முடிவுசெய்யும் ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனைக்கும் ஹெர்2 பரிசோதனைக்கும், திசு பார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வாங்கிய டப்பாவைத் திங்கட்கிழமை கொடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் வைத்தால் இவ்வரம்பு தாண்டிப்போகக்கூடும்.

நோயாளியின் பெயர், வயது, மருத்துவமனை எண், திசு எடுத்த இடம், வலமா இடமா, பார்மலினில் இட்ட நாளும் நேரமும் ஆகியவை டப்பாவின் உடற்பகுதியில் எழுதப்பட்டிருக்கவேண்டும். மூடியில் மட்டும் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள்; ஆய்வகத்தில் பல மூடிகள் ஒரே நேரத்தில் திறக்கப்படுகின்றன. படிவத்தைத் தனி உறையில் வையுங்கள். நீர்மம் கசிந்தால் எழுத்து அழிந்துவிடும்.

வழியில்

டப்பாவை இறுக மூடி, கசியாத பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு, நிமிர்ந்த நிலையில் எடுத்துச் செல்லுங்கள். சோற்றுப் பாத்திரமும் குடிநீரும் இருக்கும் பையில் அது வேண்டாம். ஐஸ்கட்டியோ குளிர்பதனப் பெட்டியோ பார்மலினில் உள்ள திசுவுக்குத் தேவையில்லை. உறைநிலைப் பெட்டி திசுவைக் கெடுத்துவிடும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இதைச் சுமப்பதைத் தவிர்க்கலாம். டப்பா உடைந்துவிட்டது, ஒழுகுகிறது என்று குடிநீர்ப் பாட்டிலுக்கு மாற்றுவது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது. பார்மலின் தண்ணீரைப்போலவே இருக்கும். மணத்தால் தெரியாதா என்று கேட்பீர்கள்; சளிபிடித்த குழந்தைக்குத் தெரியாது. நெடுநேரம் அருகில் இருந்தவரின் மூக்கும் அந்நெடிக்குப் பழகிவிடும்.

மூடி திறந்து கண்ணில் தெறித்தால், உடனே தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் இடைவிடாமல் கழுவவேண்டும். அதன்பிறகு எரிச்சல் தணிந்தாலும் கண் மருத்துவரைப் பார்க்கவேண்டும். தோலில் பட்டால், நனைந்த உடையைக் களைந்து சோப்பும் நீரும் கொண்டு கழுவினால் பெரும்பாலும் போதும். யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்புக் கரைசலோ எலுமிச்சைச் சாறோ கொடுக்காதீர்கள். உள்ளே செல்லும்போது புண்ணாக்கிய நீர்மம் திரும்பி வரும்போதும் புண்ணாக்கும். 108ஐ அழைத்து, டப்பாவையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

வண்டியில் சிந்தினால் சன்னல்களைத் திறந்து, அருகிலிருப்போரை விலக்கி, காகிதத்தாலோ பழந்துணியாலோ ஒற்றியெடுத்து உறையில் கட்டுங்கள். வெறுங்கை வேண்டாம், கையுறை இல்லாவிடில் பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக்கொள்ளலாம். பிளீச்சிங் பவுடர் தூவாதீர்கள், வேறு வேதிப்பொருளைக் கலப்பது தீங்கைக் கூட்டும். திசு வெளியே விழுந்திருந்தால் தண்ணீரில் கழுவாமல், பையைக் கையில் சுற்றியபடியே மீண்டும் டப்பாவில் இட்டு மருத்துவமனைக்கு உடனே தொலைபேசியில் தெரிவியுங்கள். சொல்லாமல் மறைத்தால், ஆய்வறிக்கையில் வரும் பிழைக்குக் காரணமே தெரியாமல் போய்விடும்.

கொடுத்த பின்

ஒப்படைத்த நேரம் குறித்த ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எஞ்சிய பார்மலினையோ காலி டப்பாவையோ திரும்பப் பெறாதீர்கள். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழித்த பார்மலின் மஞ்சள் வகைக் கழிவில் அடங்கும். அதைத் தனியே சேகரித்து முறைப்படி அகற்றுவது அந்நிறுவனத்தின் கடமை. வீட்டுச் சாக்கடையில் ஊற்றும் பொருளன்று அது.

வேறொரு மருத்துவரின் கருத்தை நாடும்போது, திசு பதிக்கப்பட்ட மெழுகுக் கட்டிகளையும் கண்ணாடித் தகடுகளையும் ஆய்வகத்திடம் எழுதிக்கொடுத்துப் பெறலாம். இவற்றில் பார்மலின் இடர் இல்லை. கோடை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டால் மெழுகு இளகும் என்பதால், அவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.