சும்மா உட்கார ஓர் இடம்

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டைப் பார்த்திருப்பீர்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஏறத்தாழ 97 கோடி ரூபாயில் ஈரடுக்காகக் கட்டி, 2023 ஜூனில் திறந்தார்கள். மாடியிலும் பஸ், கூடவே கடைகள். நல்லதுதான். ஆனால் எதுவும் வாங்காமல், எந்த பஸ்ஸுக்கும் காத்திராமல், மரத்தடியில் சும்மா உட்கார வேண்டுமென்றால்?

'வேலையத்தவனுக்கு எதுக்கு சார் இடம்?' என்பீர்கள்.

கட்டட வேலை நடந்த வருடங்களில் பஸ்கள் எங்கே நின்றன, ஞாபகம் இருக்கா? பக்கத்து போஸ் மைதானத்தில். பொருட்காட்சி நடந்துவந்த இடம். அந்தக் காலி இடம் மட்டும் இல்லையென்றால் டவுனே திண்டாடியிருக்கும்.

நான் பி.காம். காலி மனை என்பது வாடகை தராத சொத்து என்று அதிகாரிக்குத் தோன்றுவது எனக்கும் புரிகிறது. ஆனால் கணக்கை முழுசாகப் போடுங்கள். நாமக்கல்லில் மலைக்கோட்டையும் கமலாலயக் குளமும் யாருக்கு வாடகை தருகின்றன? சுற்றியுள்ள கடைகள் எதைப் பார்க்க வருகிறவர்களால் பிழைக்கின்றன? சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் காருக்கான இடத்தைக் கொஞ்சம் பிடுங்கி, நடப்பவருக்கும் உட்காருபவருக்கும் கொடுத்தார்கள். தீபாவளிக் கூட்டம் குறைந்தா போனது?

உங்கள் ஊரில் அடுத்த வணிக வளாகத்துக்கு பிளான் போட்டால் கவுன்சிலரைப் பிடித்துச் சொல்லுங்கள். நடுவில் காலி இடத்தை முதலில் வரையட்டும். மிச்சத்தில் கடை, ஆபீஸ், வீடு எல்லாம். வேம்பும் புங்கையும் வைக்கட்டும். கம்பி வேலி போட்ட புல்தரையும் 'மிதிக்காதீர்' போர்டும் வேண்டாம். சேலத்து மே மாத வெயிலில் புல்லா நிழல் தரும்?