ரீப்ளே பார்த்தும் தீராத சண்டை

கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள். கேமிரா காண்பதாவது மெய்யாக இருக்கும் என்று நம்பித்தான் விளையாட்டு உலகம் வீடியோவைக் கொண்டு வந்தது. ஆனால் ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள், புலம்பித் தீர்ப்பார்கள்.

அணிக்கு 13 பேர் ஆடும் ஆட்டம் இது. இதை நடத்தும் என்.ஆர்.எல். அமைப்பு, 2016-ல் சிட்னியில் 'பங்கர்' என்ற மையத்தைத் தொடங்கியது. எந்த ஊரில் ஆட்டம் நடந்தாலும் கேமிராக் காட்சிகள் அங்கே போகும். 2020-ல் 'கேப்டன் சேலஞ்ச்' வந்தது. நடுவரின் முடிவு தவறு என்று தோன்றினால் கேப்டன் 10 விநாடிக்குள் முறையிடலாம். முறையீடு தவறானால் அந்த வாய்ப்பு போய்விடும். கிரிக்கெட்டில் நாம் பார்க்கும் டி.ஆர்.எஸ். மாதிரிதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2022 ஜூலையில் டவுன்ஸ்வில்லில் நடந்ததைப் பாருங்கள். வெஸ்ட்ஸ் டைகர்ஸ் 26-25 என்று முன்னிலையில் இருந்தது. மீதி ஒரே விநாடி. நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ் பந்தை உதைத்தது, நேரமும் முடிந்தது. அப்போது, பந்தைத் துரத்திய தங்கள் வீரரை வழிமறித்தார்கள் என்று கவ்பாய்ஸ் கேப்டன் சேலஞ்ச் கேட்டார். பங்கர் ரீப்ளே பார்த்து பெனால்டி கொடுத்தது. உதை கோலானது. கவ்பாய்ஸ் 27-26 என்று வென்றது. அந்த பெனால்டி தவறு என்று பிறகு என்.ஆர்.எல். தரப்பே ஒப்புக்கொண்டது. ஆட்டத்தின் முடிவு மட்டும் மாறவில்லை!

இத்தனை கேமிரா இருந்தும் ஏன் இப்படி? உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு சோதனை செய்யலாம். விஎல்சி பிளேயரில் ஏதாவது ஒரு விளையாட்டு வீடியோவை ஓடவிட்டு, 'இ' என்ற ஆங்கில எழுத்துள்ள கீயைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு பிரேம் நகரும். விநாடிக்கு 25 பிரேம் உள்ள வீடியோவில் இரண்டு பிரேம்களுக்கு நடுவே விநாடியில் 25-ல் ஒரு பங்கு இடைவெளி. விநாடிக்கு 15 மீட்டர் போகும் பந்து அதற்குள் 60 செ.மீ. நகர்ந்துவிடும். 50 பிரேம் என்றாலும் 30 செ.மீ. பந்து விரலில் பட்டதா என்ற கேள்விக்கான பதில் அந்த இடைவெளியில் ஒளிந்திருக்கலாம். அதிவேக கேமிராவில் இடைவெளி குறையும். ஆனால் அது வேண்டிய கோணத்தில் இருக்க வேண்டுமே!

ஸ்லோமோஷனில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கண் இமைக்கும் நேரத்தில் நடந்த மோதலை அது பல விநாடிகளாக இழுக்கிறது. தற்செயலாக மோதியவர்கூட யோசித்துத் திட்டமிட்டு மோதியதுபோல் தெரிவார். டவுன்ஸ்வில் விவகாரமும் அப்படிப்பட்டதுதான். பந்து கோட்டைத் தாண்டியதா என்பதற்குப் படம் பதில் சொல்லும். வேண்டுமென்றே மறித்தாரா என்பதற்கு எத்தனை பிக்ஸல் இருந்தாலும் பதில் கிடைக்காது.

இதற்காக வீடியோவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வீரர்கள் குவியலாக விழும்போது பந்து தரையில் பட்டதா என்று மைதானத்தில் நிற்கும் நடுவரால் எப்போதும் பார்க்க முடியாது. அங்கே ரீப்ளே பெரிய உதவி. என் யோசனை மூன்று. ஒன்று, எந்த ரீப்ளேயையும் முதலில் இயல்பான வேகத்தில் பார்க்க வேண்டும். இரண்டு, பார்ப்பதற்கு ஒரு கால வரம்பு வேண்டும். அதற்குள் தெளிவாகத் தெரியவில்லை என்றால் நடுவர் சொன்னதே இறுதி. மூன்று, கோடு, தொடுதல் போன்ற கண்ணுக்குத் தெரியும் விஷயங்களுக்கு மட்டுமே சேலஞ்ச். உள்நோக்கம் பற்றிய முடிவுகளை மைதான நடுவரிடமே விட்டுவிடலாம்.

இது ஆஸ்திரேலியாவுக்கு மட்டுமான பாடம் அல்ல. வீட்டு வாசலில் சிசிடிவி வைத்திருப்பவர்களே, பதிவைக் காட்டி அடுத்த வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்கும் முன் அது விநாடிக்கு எத்தனை பிரேம் பதிவு செய்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.